முகத்தால் பார்த்தவர்கள்

1940களின் தொடக்கத்தில், நியூயார்க் மாநிலத்தின் இதாக்கா நகரிலுள்ள கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடந்தது. கண்ணைக் கட்டிக்கொண்ட ஒருவர் நீண்ட கூடத்தில் சுவரை நோக்கி நடப்பார். எதிரே ஏதோ இருக்கிறது என்று தோன்றியதும் கையை உயர்த்துவார். பிறகு முட்டிக்கொள்ளாமல் எவ்வளவு நெருங்க முடியுமோ அவ்வளவு நெருங்கி நிற்பார். பங்கேற்றவர்கள் நால்வர். அவர்களில் இருவர் பார்வையற்றவர்கள், இருவர் பார்வையுள்ளவர்கள். ஆய்வை நடத்திய மூவரில் ஒருவரான மைக்கேல் சூபாவுக்கும் பார்வை கிடையாது. மற்ற இருவர் மில்டன் காட்சின், கார்ல் டாலன்பாக்.

பார்வையற்றவர்கள் பலர் சுவரோ மரமோ எதிரே வந்தால் தொடாமலே அறிந்துகொள்கிறார்கள் என்பது அப்போதே பழைய செய்தி. பிரெஞ்சுச் சிந்தனையாளர் திதெரோ 1749இலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். எப்படி அறிகிறீர்கள் என்று கேட்டால் பெரும்பாலோர் முகத்தைக் காட்டினார்கள். நெற்றியிலும் கன்னத்திலும் மெல்லிய அழுத்தம் போல, நிழல் விழுவது போல ஓர் உணர்வு வருகிறது என்றார்கள். அதனால் ஆங்கிலத்தில் இதற்கு ‘முகப் பார்வை’ என்றே பெயர் வந்துவிட்டது. கார்னெல் சோதனையில் கலந்துகொண்ட ஒருவரும் தம் முகத்தோல்தான் சுவரை உணர்கிறது என்று உறுதியாக நம்பினார்.

முதலில் அவர்களுடைய முகத்தைக் கனமான துணியால் முழுக்க மூடினார்கள். காற்று முகத்தில் படவே வழியில்லை. ஆனாலும் சுவருக்கு முன்னால் நின்றுவிட்டார்கள். அடுத்து முகத்தைத் திறந்துவிட்டுக் காதுகளை அடைத்தார்கள். எல்லோரும் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டார்கள், முகத்தால் உணர்வதாக உறுதிகூறியவர் உட்பட. கடைசியாகச் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஆய்வாளர் ஒருவர் கையில் மைக்கை ஏந்திச் சுவரை நோக்கி நடந்தார். பங்கேற்பாளர் ஒலி புகாத வேறோர் அறையில், காதில் ஹெட்ஃபோனோடு உட்கார்ந்திருந்தார். அவருடைய முகத்துக்கு முன்னால் எந்தச் சுவரும் இல்லை. என்றாலும் ஆய்வாளர் எப்போது சுவரை நெருங்கினார் என்று அவரால் சொல்ல முடிந்தது.

வேலை செய்தது காது. காலடி ஓசை சுவரில் பட்டுத் திரும்பும்போது அதன் தன்மை மாறுகிறது. அந்த மாற்றத்தை மூளை படித்துக்கொள்கிறது. முடிவுகள் 1944இல் வெளியாயின. மூன்று ஆண்டுகள் கழித்து, பார்வையும் செவியும் இல்லாதவர்களை டாலன்பாக்கும் ஒரு கூட்டாளியும் சோதித்தபோது அவர்களிடம் இந்தத் திறன் காணப்படவில்லை.

வாழ்நாள் முழுவதும், ஒவ்வொரு நாளும், நடமாட்டத்துக்கே ஆதாரமாக ஒருவர் நம்பியிருந்த அனுபவம் இது. அது எந்தப் புலனைச் சேர்ந்தது என்பதுகூட அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. வெளியுலகைப் பற்றி நான் தவறலாம், என் உள்ளத்தில் நடப்பதைப் பற்றி மட்டும் தவற முடியாது என்று நம்மில் பெரும்பாலோர் யோசிக்காமலே ஏற்றுக்கொண்டிருக்கிறோம். 1641இல் வெளியான தம் ‘தியானங்க’ளில் தெக்கார்த் இந்த எண்ணத்தை அஸ்திவாரமாக வைத்துத்தான் தத்துவக் கட்டடத்தையே எழுப்பினார். எதிரே தெரியும் நெருப்பு கனவாக இருக்கலாம். ஆனால் எனக்குச் சூடாக இருப்பதுபோல் தோன்றுகிறதே, அந்தத் தோற்றம் பொய்யாக முடியாது என்றார். கார்னெல் கூடத்தில் நடந்தது அந்த அஸ்திவாரத்தை அசைக்கிறதா?

தெக்கார்த்தின் பக்கம் நிற்பவர் உடனே ஒரு பதில் சொல்வார். அந்தப் பார்வையற்றவர் தவறியது காரணத்தில்தான். முகத்தில் அழுத்தம் இருப்பதாக அவர் உணர்ந்தது உண்மை. அது எதனால் உண்டானது என்பது உடலியல் கேள்வி, அதில் யாரும் தவறலாம். நியாயமான பதில்தான். ஆனால் இது பாதிக் கதையைத்தான் காப்பாற்றுகிறது. மீதிப் பாதி கண் தெரிகிற நம்மைப் பற்றியது.

ஓசை எழுப்பாத சுவரை உங்களால் கேட்க முடியுமா? முடியாது என்றுதான் சொல்வீர்கள். கண்ணை மூடிக்கொண்டு ‘ஷ்ஷ்’ என்று நீட்டி ஒலித்தபடியே ஒரு தட்டை வாய்க்கு எதிரே மெல்லக் கொண்டுவந்து விலக்கிப் பாருங்கள். தட்டு நெருங்க நெருங்க ஒலியின் நிறமே மாறுவது காதில் விழும். சாமான்களை எல்லாம் ஏற்றி அனுப்பிவிட்ட வீட்டுக்குள் கடைசியாக ஒருமுறை நுழைந்து பேசினால் நம் குரலே அந்நியமாக ஒலிப்பதும் இதனால்தான். சுவர்களும் மெத்தைகளும் பீரோக்களும் நாம் கேட்கும் ஒலியை எப்போதும் மாற்றிக்கொண்டே இருந்திருக்கின்றன. இப்படி ஓர் அனுபவம் நமக்கு இருப்பதாகவே நாம் அறியவில்லை, கேட்டால் மறுத்திருப்போம். கலிஃபோர்னியாவின் ரிவர்சைடில் பணியாற்றும் தத்துவவாதி எரிக் ஷ்விட்ஸ்கெபெல் 2000ஆம் ஆண்டு ஓர் இணை ஆசிரியருடன் எழுதிய கட்டுரையில் இந்த எதிரொலி விஷயத்தைத்தான் முதன்மைச் சான்றாக வைத்தார். அவர் கேட்பது காரணத்தைப் பற்றியல்ல. அனுபவம் என்னவாக இருக்கிறது என்பதிலேயே நாம் தவறுகிறோமே என்பதுதான் அவருடைய கேள்வி.

இந்தச் சோதனை கார்னெலில் நடந்ததில் ஒரு பொருத்தம் உண்டு. டாலன்பாக்கின் ஆசிரியர் எட்வர்ட் டிட்ச்னர். அகநோக்கை, அதாவது மனம் தன்னையே உற்றுப் பார்ப்பதை, ஒரு கறாரான அறிவியலாக்கிவிட வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் பாடுபட்டவர் அவர். ஜெர்மனியின் லைப்சிக்கில் 1879இல் உளவியல் ஆய்வகம் தொடங்கிய வில்ஹெல்ம் வுண்டிடம் பயின்று, 1892இல் கார்னெலுக்கு வந்தார். மேசையைப் பார்த்து ‘மேசை’ என்று சொல்வதை அவர் பிழையாகக் கருதினார். மேசை வெளியே இருக்கும் பொருள். உள்ளே இருப்பது பழுப்பு நிறம், ஒரு பளபளப்பு, கண்ணை நகர்த்தும்போது எழும் சிறு தசை இழுப்பு. அவற்றை மட்டும் சொல்ல மாணவர்கள் மாதக்கணக்கில் பழகினார்கள். 1896இல் வெளியிட்ட நூலில், மனித அனுபவத்தின் பிரிக்க முடியாத அடிப்படைப் புலனுணர்வுகள் 44,000க்கு மேல் என்று கணக்குப் போட்டார். அவற்றில் மிகப் பெரும்பகுதி பார்வைக்கும் செவிக்கும் உரியவை.

கணக்கு நிலைக்கவில்லை. ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்கில் ஆஸ்வால்ட் கூல்பேயும் அவரைச் சேர்ந்தவர்களும் இதேபோலப் பயிற்சி பெற்றவர்களை வைத்து ஆராய்ந்தார்கள். எந்தச் சொல்லும், எந்தப் படமும், எந்தப் புலனுணர்வும் இல்லாமலே மனிதர்கள் சிந்திப்பதுண்டு என்று கண்டதாக அறிவித்தார்கள். டிட்ச்னரின் மாணவர்களோ அப்படி ஒரு சிந்தனையைக் காணவே இல்லை. மங்கலாக, எளிதில் தப்பிவிடும் வகையில், ஏதோ ஒரு புலனுணர்வு எப்போதும் இருக்கிறது என்றார்கள். நீங்கள் சரியாகக் கவனிக்கவில்லை என்று இரண்டு தரப்பும் ஒன்றையொன்று குற்றம் சொல்லின. இருவரும் பார்த்த பொருளை நடுவில் எடுத்துவைத்து மூன்றாமவர் பார்க்க வழியில்லை. 1913இல் ஜான் வாட்சன் என்ற அமெரிக்கர் இந்த வழக்கே வேண்டாம், உளவியல் இனி நடத்தையை மட்டும் ஆராயட்டும் என்று அறிக்கை விட்டபோது பலருக்கு அது விடுதலை போல இருந்தது. எனக்கு அது இழப்பாகவே படுகிறது. அடுத்த சுமார் அரை நூற்றாண்டுக் காலம், மனிதர்கள் உள்ளே என்ன அனுபவிக்கிறார்கள் என்று கேட்பதே ஆய்வகங்களில் கூச்சத்துக்குரிய காரியமாகிவிட்டது.

அகநோக்கின் கோட்டையாக இருந்த கார்னெலிலிருந்தே அதற்கு எதிரான ஒரு விசித்திரச் சான்றும் 1910இல் வந்திருந்தது. பெர்க்கி என்ற மாணவி செய்த சோதனை அது. பங்கேற்பாளர் ஒரு தேய்த்த கண்ணாடித் திரையைப் பார்த்தபடி தக்காளியைக் கற்பனை செய்ய வேண்டும், பிறகு புத்தகத்தை, வாழைப்பழத்தை, இலையை. அவருக்குத் தெரியாமல் திரைக்குப் பின்னாலிருந்து அதே பொருளின் மங்கிய வண்ண உருவம் பாய்ச்சப்பட்டது. தெரிந்து பார்க்கும் கண்ணுக்கு அது நன்றாகவே புலப்படும். ஆனால் பங்கேற்றவர்களில் ஏறக்குறைய எல்லோருமே அதைத் தம் கற்பனை என்று வருணித்தார்கள். வாழைப்பழத்தைப் படுத்த நிலையில் நினைக்க, அது ஏனோ செங்குத்தாக நிற்கிறதே என்று வியந்தவர்களும் உண்டு. அப்போதும் திரையில் ஏதாவது இருக்குமோ என்ற சந்தேகம் அவர்களுக்கு எழவில்லை. 1960களில் இதை மீண்டும் செய்தவர்களுக்கு முடிவு இவ்வளவு துலக்கமாகக் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும் பார்ப்பதற்கும் கற்பனை செய்வதற்கும் இடையே நாம் நினைத்திருக்கும் சுவர் அவ்வளவு உயரமானதல்ல என்ற அளவில் அந்தச் சோதனை நிற்கிறது.

கனவுக்கு வருவோம். உங்கள் கனவுகள் வண்ணத்தில் வருகின்றனவா, கறுப்பு வெள்ளையிலா? 1942இல் அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் 277 பேரிடம் இதைக் கேட்டபோது, கனவில் வண்ணம் அரிதாகவே வரும் அல்லது வரவே வராது என்று சுமார் 71 சதவீதத்தினர் சொன்னார்கள். கனவு கறுப்பு வெள்ளைதான் என்பது அன்றைய ஆய்வாளர்களின் பொதுக்கருத்தாகவும் இருந்தது. ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு ஷ்விட்ஸ்கெபெல் அதே கேள்வியைத் தம் மாணவர்களிடம் கேட்டார். அப்படிச் சொன்னவர்கள் சுமார் 18 சதவீதம்தான். இடையில் நடந்தது என்ன? சினிமாவும் டிவியும் வண்ணத்துக்கு மாறியிருந்தன. சீனாவில், வண்ணத் திரை வெவ்வேறு காலத்தில் வந்துசேர்ந்த மூன்று குழு மாணவர்களிடம் கேட்டபோதும், கறுப்பு வெள்ளைப் படங்களோடு வளர்ந்தவர்களே கறுப்பு வெள்ளைக் கனவுகளை அதிகம் சொன்னார்கள். சினிமாவுக்கு முன்பு வாழ்ந்தவர்களோ கனவு கறுப்பு வெள்ளையாக இருக்கலாம் என்று நினைத்ததாகவே தெரியவில்லை. அரிஸ்டாட்டில் முதல் ஃபிராய்டு வரை கனவில் நிறங்கள் வருவதை இயல்பாகவே எழுதிச் சென்றிருக்கிறார்கள்.

திரையைப் பார்த்துப் பார்த்துக் கனவே நிறம் மாறியிருக்கலாம். அல்லது கனவு அன்றும் இன்றும் ஒன்றாகவே இருக்க, அதை எதைப் போன்றது என்று சொல்ல நாம் எடுத்துக்கொள்ளும் மாதிரி மட்டும் மாறியிருக்கலாம். எனக்கு இரண்டாவதுதான் நம்பத் தகுந்ததாகத் தோன்றுகிறது. ஷ்விட்ஸ்கெபெல் இன்னொரு சாத்தியத்தையும் சொல்கிறார், அது என்னை வெகுநாள் யோசிக்கவைத்தது. ஒரு நாவலில் கதாநாயகி கதவைத் திறந்து வெளியே வருகிறாள். அவளுடைய புடவை என்ன நிறம் என்று ஆசிரியர் எழுதவில்லை. அப்படியானால் அந்தப் புடவை கறுப்பு வெள்ளையா? வண்ணமா? இரண்டுமே இல்லை. அந்தக் கேள்விக்கு அங்கே விடையே எழுதப்படவில்லை. கனவின் பெரும்பகுதியும் அப்படி நிறம் குறிப்பிடப்படாமலே நடக்கிறதென்றால், 1942இல் பதில் சொன்னவர்களும் தவறினார்கள், இன்று பதில் சொல்பவர்களும் தவறுகிறார்கள். இத்தனைக்கும் ஒவ்வோர் இரவும் கனவு காண்கிறோம்.

இவ்வளவையும் படித்துவிட்டு, ஒருவர் தம் உள்ளத்தைப் பற்றிச் சொல்லும் எதையும் நம்பக்கூடாது என்ற முடிவுக்கு யாரேனும் வந்தால் அது பெரும் தவறு. குறிப்பாக மருத்துவத்தில். மாரடைப்பின் வலி இடது கையிலோ தாடையிலோ உணரப்படுவதுண்டு. இதயத்திலிருந்தும் கையிலிருந்தும் வரும் நரம்புகள் முதுகுத்தண்டின் ஒரே பகுதிகளில் நுழைவதால் மூளை இடத்தை மாற்றிக் கணக்கிடுகிறது. வலி எங்கே பிறக்கிறது என்பதில் நோயாளி தவறலாம்; வலிக்கிறது என்பதில் அல்ல. ஸ்கேனில் எதுவும் தெரியவில்லை என்பதற்காக, வலிக்கிறது என்பவரிடம் வலியில்லை என்று சொல்லும் உரிமையை இந்த அத்தியாயத்தின் எந்தச் சோதனையும் எந்த மருத்துவருக்கும் தரவில்லை.

உள்ளிருந்து வரும் சாட்சியம் சரியாகவே இருந்து, உலகம் அதை நம்ப மறுத்த கதையும் உண்டு. 1880இல் பிரான்சிஸ் கால்டன் பலரிடம் அன்று காலையில் உணவருந்திய மேசையை மனக்கண்ணில் கொண்டுவந்து வருணிக்கச் சொன்னார். சிலர் எல்லாம் பளிச்சென்று தெரிகிறது என்றார்கள். சில அறிவியலாளர்களோ ‘மனக்கண்’ என்பதே வெறும் பேச்சு வழக்கு, அப்படி யாருக்கும் எதுவும் தெரியாது என்று பதில் எழுதினார்கள். விஷயம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் அப்படியே கிடந்தது. பிறகு, இதயச் சிகிச்சை ஒன்றுக்குப் பின் மனக்காட்சியை முற்றிலும் இழந்த ஒருவரைப் பற்றி பிரிட்டிஷ் நரம்பியலாளர் ஆடம் ஜெமன் 2010இல் எழுதினார். அதைப் பற்றிய பத்திரிகைச் செய்தியைப் படித்த இருபத்தொரு பேர், எங்களுக்குப் பிறந்ததிலிருந்தே இப்படித்தான் என்று தொடர்புகொண்டார்கள். 2015இல் ஜெமன் இந்நிலைக்கு அஃபேன்டேசியா என்று பெயரிட்டார். இப்போதைய மதிப்பீடுகளின்படி, அளவுகோலைப் பொறுத்து, நூற்றில் ஒருவர் முதல் நால்வர் வரை இப்படி இருக்கலாம். தாயின் முகத்தை நினைத்துப் பார் என்றால் மற்றவர்கள் நிஜமாகவே எதையோ ‘பார்க்கிறார்கள்’ என்பது, இவர்களில் பலருக்கு வளர்ந்து ஆளான பிறகுதான் தெரியவந்தது.

வாய்வார்த்தையைத் தவிர இதற்கு வேறு ஆதாரம் உண்டா? சிட்னியில் ஜோயல் பியர்சனின் ஆய்வகம் கண்பாவையை அளந்தது. வெளிச்சத்தைப் பார்த்தால் பாவை சுருங்கும். பொதுவாக, வெளிச்சமான வடிவத்தைக் கற்பனை செய்தாலே சற்றுச் சுருங்கும். நாம் விரும்பி அதைச் சுருக்கவோ விரிக்கவோ முடியாது. அஃபேன்டேசியா உள்ளவர்களிடம், வெளிச்சமான வடிவத்தை நினைத்தபோதும் இருண்ட வடிவத்தை நினைத்தபோதும் பாவையின் அளவில் வேறுபாடு காணப்படவில்லை. அவர்கள் முயற்சியே செய்யவில்லையோ என்றால், அதற்கும் விடை இருந்தது. ஒரு வடிவத்துக்குப் பதில் நான்கு வடிவங்களை நினைக்கச் சொன்னபோது மன உழைப்பின் அறிகுறியாக அவர்களுடைய பாவைகளும் விரிந்தன. உழைத்தார்கள்; ஆனால் காட்சி எழவில்லை. 2022இல் வெளியான இந்த முடிவு, எங்களுக்கு எதுவும் தெரிவதில்லை என்று அவர்கள் சொன்னதோடு அப்படியே பொருந்தியது. டிட்ச்னருக்கும் கூல்பேக்கும் கிடைக்காத மூன்றாம் சாட்சி இது.

ஆக, நம் அனுபவத்தை நாம் நேரடியாக அறிகிறோமா? ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் இந்தியாவில் இதைப் பற்றி மிக நுட்பமான வாதம் நடந்தது. காஞ்சிபுரத்துக்கு அருகே பிறந்தவர் என்று மரபு கூறும் பௌத்த அறிஞர் திக்நாகர், ஒவ்வோர் அறிவும் தன்னைத் தானே அறிகிறது என்றார். நீலத்தைப் பார்த்ததை நினைவுகூரும்போது, நீலத்தோடு ‘பார்த்தேன்’ என்பதும் சேர்ந்தே நினைவுக்கு வருகிறது. அனுபவித்திராததை நினைவுகூர முடியாது. எனவே பார்த்த அந்தக் கணத்திலேயே பார்வை தன்னை அறிந்திருக்க வேண்டும் என்பது அவருடைய வாதம். நியாய மரபினர் மறுத்தார்கள். பார்க்கும்போது நீலம் மட்டுமே தெரிகிறது. ‘நான் நீலத்தைப் பார்க்கிறேன்’ என்பது அடுத்து எழும் இன்னோர் அறிவு என்றார்கள். பின்னாளில் பௌத்தர்களுக்குள்ளேயே சாந்திதேவர் திக்நாகரின் நினைவு வாதத்துக்கு ஒரு பதில் கண்டார். எலி கடித்தது அப்போதே தெரியும், நஞ்சு ஏறியது தெரியாது. பின்னால் நோய் வெளிப்படும்போதுதான், அன்றே நஞ்சு ஏறியது என்று புரிகிறது. பின்னால் நினைவுகூர முடிகிறது என்பதால் அன்றே அறிந்திருந்தோம் என்று ஆகிவிடாது.

ஆய்வகச் சான்றுகளைப் படித்த பிறகு என் மனம் நியாய மரபினர் பக்கம்தான் சாய்கிறது. அனுபவம் நிகழ்வதும், அது இன்னது என்று அறிவதும் இரண்டு காரியங்கள். முதலாவது நேரடியானது, அதற்கு இடைத்தரகர் இல்லை. இரண்டாவதற்குக் கவனம் வேண்டும், ஒப்பிட ஏதாவது வேண்டும், நினைவு பிடித்துவைக்க வேண்டும், சொல் வேண்டும். இவற்றில் எதுவும் பிசகலாம். முகத்தால் பார்த்தவரிடம் பிசகியது ஒப்பீடு. கனவில் பிசகுவது நினைவும் நாம் தேர்ந்துகொள்ளும் மாதிரியும்.

பிசகு எங்கே அதிகம் என்பதை நாற்பதாண்டுக்கு மேலாகத் தேடிவருபவர் லாஸ் வேகாஸிலுள்ள நெவாடா பல்கலைக்கழகத்தின் ரஸ்ஸல் ஹர்ல்பர்ட். பொறியாளராகவும் பயின்ற அவர், 1970களில் ஒரு சிறு கருவியைத் தாமே வடிவமைத்தார். அதை இடுப்பில் செருகி, காதில் மாட்டிக்கொண்டு அன்றாட வேலையைப் பார்க்க வேண்டும். எதிர்பாராத நேரத்தில் அது ‘பீப்’ என்று ஒலிக்கும். ஒலிப்பதற்குச் சற்று முன்பு, அந்தக் கணத்தில் உள்ளே என்ன இருந்ததோ அதை மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு ஹர்ல்பர்ட் ஒவ்வொரு கணத்தைப் பற்றியும் விரிவாகக் கேட்பார். உங்கள் மனம் பொதுவாக எப்படி இயங்குகிறது என்று மட்டும் கேட்கவே மாட்டார். அந்தக் கேள்விக்குத்தான் மனிதர்கள் மிகுந்த நிச்சயத்தோடு தவறான பதில் சொல்கிறார்கள் என்பது அவர் கண்டது. நான் எப்போதும் சொற்களில்தான் சிந்திக்கிறேன் என்று வருபவர்களின் பதிவுகளில் உள்பேச்சு அரிதாகவே தட்டுப்படுவது உண்டு. சொல்லும் படமும் இல்லாத சிந்தனை, கார்னெல்காரர்கள் இல்லவே இல்லை என்று சாதித்தது, அவருடைய பதிவுகளில் அடிக்கடி வருகிறது.

2007இல் ஹர்ல்பர்ட்டும் ஷ்விட்ஸ்கெபெலும் சேர்ந்து ஒரு நூல் எழுதினார்கள். ஒரே இளம்பெண்ணின் பீப் பதிவுகளை இருவரும் சேர்ந்து கேள்வி கேட்டு ஆராய்ந்தார்கள். அவள் சொன்னவற்றில் எவ்வளவை நம்பலாம் என்பதில் இருவரும் கடைசிப் பக்கம் வரை உடன்படவில்லை. ஆனால் ஒன்றில் ஹர்ல்பர்ட் தொடக்கத்திலிருந்தே கறாராக இருக்கிறார். புதிதாக வருபவர் யாராக இருந்தாலும், எவ்வளவு படித்தவராக இருந்தாலும், முதல் நாள் பதிவுகளை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை. தம் அனுபவத்தையும் அதைப் பற்றித் தாம் ஏற்கெனவே வைத்திருக்கும் கருத்தையும் பிரித்துப் பார்க்க, ஒருவருக்கு அந்த ஒரு நாளாவது பிடிக்கிறது.